வக்கடையை யார் கட்டுவது? பொதுநலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பரிசளிப்பு விழாவுக்குப் போனால் பிரதம விருந்தினர் சொல்வார், சுயநலம் ஒழிந்து பொதுநலம் ஓங்க வேண்டுமென்று. கோயில் நிருவாக சபைக் கூட்டத்திலும் அதைச் சொல்வார்கள். தேர்தல் வந்துவிட்டால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு இது கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன சொல். அது என்ன என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: நல்லவன் பொதுநலக்காரன், கெட்டவன் சுயநலக்காரன்.

கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு வயலில் ஒரு வாய்க்காலைக்கூட நடத்த முடியாது. வாய்க்காலை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால், பொதுநலம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் தெரியவரும்.

## 2022: அதே மனிதர்கள், வேறு வரிசை

இலங்கையில் பொருளாதார நெருக்கடியால் எரிபொருள் தட்டுப்பட்ட 2022 ஆனி, ஆடி மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. ஓட்டோவுக்குள்ளேயே படுத்துறங்கி, அங்கேயே பல் துலக்கியவர்கள் உண்டு. பவுசர் வருகுதாம் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், தாங்கியில் முக்கால்வாசி பெற்றோல் வைத்திருப்பவரும் வந்து வரிசையில் நிற்பார். நானும் நின்றேன். அன்றைக்கு என் மோட்டார் சைக்கிளில் இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான பெற்றோல் இருந்தது. பிறகேன் நின்றேன்? அடுத்த கிழமை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம்தான்.

சனத்துக்குப் பேராசை பிடித்துவிட்டது என்று வரிசையில் நின்றுகொண்டே எல்லோரும் எல்லோரையும் திட்டினோம்.

ஆடிக் கடைசியில் கியூஆர் குறியீடு வந்தது. தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கைத்தொலைபேசியைக் காட்டினால் அந்த அளவு கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. சில கிழமைகளில் அந்த நீண்ட வரிசைகள் கரைந்தன. எண்ணெய் வருவதும் கொஞ்சம் சீரானது உண்மைதான். இருந்தாலும் என் பங்கு அங்கே எனக்காக இருக்கிறது, எவரும் அதை எடுத்துவிட முடியாது என்ற உறுதிதான் வரிசையில் பாதியைக் கரைத்தது என்பது என் எண்ணம். நான்கு லீற்றர் நிச்சயம் என்று தெரிந்த பிறகு போத்தலில் சேர்த்து வைக்கும் ஆசை எனக்கே விட்டுப்போனது. ஒரு மாதத்துக்குள் நான் ஒன்றும் உத்தமனாகிவிடவில்லை.

இந்தப் பெற்றோல் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேராசை என்று நாம் திட்டுவதில் எவ்வளவு பயம் கலந்திருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வாய்க்காலிலும் இதுவே திரும்ப வரும்.

## தியாகம் வேறு, பொதுநலம் வேறு

இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் முதற் குழப்பம். தான் இழந்து பிறருக்குக் கொடுப்பது தியாகம். அது உயர்ந்தது, ஆனால் அரிது. ஒருவரிடம் போய் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. பொதுநலம் என்பது நானும் உட்பட எல்லோருக்கும் நன்மையானது. அந்த "நானும்" என்ற சொல்லை மேடைப் பேச்சாளர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்களில் இருக்கும் மரண உதவிச் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா கட்டுகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தலும் கதிரையும் போகும், கையில் காசும் போகும். சந்தா கட்டுவதற்காக யாரும் தன்னைத் தியாகி என்று சொல்லிக்கொள்வதில்லை. என் வீட்டுக்கும் ஒரு நாள் அந்தக் கதிரைகள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சுயநலத்தை ஒழிக்காமல், அதற்கு ஒரு நல்ல வேலை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாம் தானாகவே சரியாக நடக்குமே, சிக்கல் எங்கே வருகிறது?

## கயிற்றைத் தொட்டவர்களும் இழுத்தவர்களும்

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் தேரோட்டத்துக்குப் போயிருப்பீர்கள். வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள். அத்தனை கைகளும் இழுக்கின்றனவா? சில கைகள் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கின்றன. தேர் எப்படியும் நகரும், புண்ணியமும் எப்படியும் கிடைக்கும். நான் இழுக்காவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

இதற்கு *ஓசிச் சவாரி* என்று பெயர் வைத்துக்கொள்வோம்: பலர் சேர்ந்து உண்டாக்கும் நன்மையைத் தன் பங்கைச் செலுத்தாமல் அனுபவிப்பது. மக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்தே இதை அளந்தார். 1913இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியே இழுக்கக்கூடிய பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் வெளிப்பட்டது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் அதற்கு ஒரு காரணம். கூட்டத்துக்குள் கை தளர்வதும் இன்னொரு காரணம்.

மட்டக்களப்புக் கோயில்கள் இதற்குக் கண்ட வழியை நாங்கள் தினமும் பார்க்கிறோம், ஆனால் அப்படி ஒரு கண்ணோட்டத்தில் யோசிப்பதில்லை. பல கோயில்களில் திருவிழா முழுவதையும் ஊர் பொதுவாகச் செய்வதில்லை. முதலாம் நாள் இந்தக் குடிக்கு, இரண்டாம் நாள் அந்தக் குடிக்கு என்று பிரித்திருக்கிறார்கள். குடி என்றால் தாய்வழியாக வரும் மரபுக் குழு என்பது எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்காயர்மாரைக் குடிவழியாக வைக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது. பிரித்ததும் என்ன நடக்கிறது? "எங்கட திருவிழா" என்று ஆகிவிடுகிறது. அன்றைக்கு மேளம் குறைந்தால், பூ குறைந்தால், எந்தக் குடியின் குறை என்று கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கூட்டத்துக்குள் ஒளிக்க இடமில்லை.

குடிமுறையில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. யாருக்கு முதல் மரியாதை என்று வழக்குப் பேசியே வருடங்களைக் கழித்த ஊர்கள் இருக்கின்றன. ஆனால் ஓசிச் சவாரிக்கு மருந்தாக அது வேலை செய்கிறது.

## தெரு விளக்கும் வாவி மீனும்

"பொது" என்பதிலும் இரண்டு வகை உண்டு. தெரு விளக்கின் கீழ் நான் நடந்து போனால் உங்களுக்கு வெளிச்சம் குறைவதில்லை. மட்டக்களப்பு வாவியில் நான் ஒரு கொடுவா பிடித்தால் அது உங்களுக்கு இல்லை. ஆனால் சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவியைச் சுற்றி வேலி போட்டு ஆட்களை மறிக்கவும் முடியாது.

இந்த இரண்டாவது வகைக்குப் *பொதுவளம்* என்று பெயர்: எவரையும் தடுப்பது கடினம், ஆனால் ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். மீன், மேய்ச்சல் தரை, காட்டு விறகு, குளத்துத் தண்ணீர் எல்லாம் இதற்குள் வரும். பொதுநலம் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். தங்கூசி வலை (மெல்லிய ஒற்றை நைலோன் இழை வலை) தடைசெய்யப்பட்டது என்று தெரிந்தே போடுபவரிடம் கேட்டால், "நான் போடாட்டி மற்றவன் போடுவான்" என்பார். அந்தப் பதிலைப் பெற்றோல் வரிசையிலும் கேட்டோம்.

## வாய்க்காலின் தலையும் வாலும்

இப்போது வயலுக்குப் போவோம். ஒரு சிறு வாய்க்கால், அதன் ஓரத்தில் பத்துப் பேருடைய வயல். குளத்துக் கதவு திறந்து தண்ணீர் வருகிறது. முதலாவது வயற்காரர் தலைமடைக்காரர், பத்தாமவர் கடைமடைக்காரர். வரம்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விடும் வாய்தான் வக்கடை. மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தி மண்ணைப் போட்டால் அடைபட்டுவிடும்.

முதலாமவருக்கு ஓர் இரவுத் தண்ணீர் போதும். ஆனால் அவர் வக்கடையைக் கட்டாமல் போய்ப் படுத்துவிடுகிறார். தண்ணீர் நிறைந்து, வழிந்து, போட்ட யூரியாவையும் கழுவிக்கொண்டு வடிச்சலில் விழுகிறது. பத்தாமவரின் வயல் வெடிக்கிறது.

இதில் முதலாமவருக்குக் கிடைத்த இலாபம் என்ன? ஒன்றுமில்லை. மிஞ்சிய தண்ணீர் ஒரு மரைக்கால் நெல்லைக்கூடக் கூட்டாது. பத்தாமவருக்குப் போனது ஒரு போகம். வெறும் சுயநலம் என்றால் தனக்குப் பயனில்லாத ஒன்றுக்காக ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், என் சின்னப்பாவின் வயல் இருக்கும் வட்டையில் (வயல்வெளித் தொகுதியில்) நெடுங்காலம் வட்டவிதானையாக, அதாவது தண்ணீர்ப் பங்கீட்டைக் கண்காணிப்பவராக இருந்த ஒரு முதியவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். "மனே, சொன்ன நாளைக்குத் தண்ணி வருமெண்டு தெரிஞ்சா எவன் ராவுல கண்முழிப்பான்? வருமோ வராதோ எண்டுதான் கட்டாமப் போறான்."

அதுவேதான் விடை. முறைத் தண்ணீர் போன தடவை இரண்டு நாள் பிந்தியது. வாய்க்கால் தூர்ந்திருக்கிறது. அடுத்த முறை வருமா என்பது நிச்சயமில்லை. ஆகவே அவர் தன் வயலையே ஒரு சிறு குளமாக்கி வைத்துக்கொள்கிறார். பத்தாமவரும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் வராத வாய்க்காலை வெட்டித் துப்புரவு செய்ய அவர் ஏன் வர வேண்டும்? சிரமதான நாளில் அவர் வருவதில்லை. வாய்க்கால் இன்னும் தூர்கிறது, தண்ணீர் இன்னும் பிந்துகிறது, முதலாமவருக்குப் பயம் இன்னும் கூடுகிறது. வட்டம் தன்னைத் தானே இறுக்கிக்கொள்கிறது.

இதை *நம்பிக்கைச் சிக்கல்* என்று அழைப்போம்: மற்றவர்கள் விதியைக் காத்தால் நானும் காக்கத் தயார், ஆனால் காப்பார்களா என்று தெரியாததால் முந்திக்கொள்கிறேன்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பொதுநலத்துக்குள் நானும் இருக்கிறேன். அதை இரண்டு விடயங்கள் கெடுக்கின்றன. தன் பங்கைச் செலுத்தாத ஓசிச் சவாரி ஒன்று, மற்றவரை நம்ப முடியாமல் முந்திக்கொள்ளும் நம்பிக்கைச் சிக்கல் மற்றது.

## கரெட் ஹார்டின் சொன்னதும், பிறகு திருத்தியதும்

1968இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு மேய்ச்சல் தரையைக் கற்பனை செய்தார். எல்லோருக்கும் திறந்த புல்வெளி. ஒவ்வொரு மேய்ப்பனும் இன்னுமொரு மாட்டை விடுகிறான். மாட்டின் இலாபம் முழுவதும் அவனுக்கு, புல் தேய்வதன் நட்டமோ எல்லோருக்கும் பங்கு. ஆகவே எல்லோரும் மாட்டைக் கூட்டிக்கொண்டே போய், தரை அழியும். இதற்கு அவர் பொதுவளத்தின் அவலம் என்று பெயர் வைத்தார். ஒன்றில் அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உலகம் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டது.

அவருடைய மேய்ப்பர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதேயில்லை. வாழைச்சேனையிலோ கிரானிலோ மாடு வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மாட்டுக்காரர்கள் பேசாமல் இருக்கும் ஊர் உண்டா? ஹார்டினே பிற்காலத்தில், முகாமை செய்யப்படாத பொதுவளம் என்று தான் சொல்லியிருக்க வேண்டும் என ஒப்புக்கொண்டார்.

அந்தப் பேச்சைத்தான் அமெரிக்க அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரம் ஆராய்ந்தார். உலகெங்கும் மீனவர்களும் மேய்ப்பர்களும் வயற்காரர்களும் தாங்களே விதி செய்து பொதுவளத்தைக் காத்த, காக்கத் தவறிய கதைகளைத் தேடிச் சேர்த்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர். அவர் எடுத்துப் பேசிய இடங்களில் ஒன்று எங்கள் அம்பாறை மாவட்டத்துக் கல்லோயா.

## கல்லோயாவில் நடந்தது

இங்கினியாகலை அணைக்கட்டும் சேனநாயக்க சமுத்திரமும் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பிள்ளைகள். தமிழருக்கு அந்தப் பெயர் இனிமையானதல்ல. சிங்களக் குடியேற்றமும் தமிழருக்கு எதிரான 1956 வன்முறையும் அதோடு ஒட்டியிருக்கின்றன. தண்ணீரின் ஓட்டமும் சமூகப் பிளவை அப்படியே பின்பற்றியது. இடதுகரைக் கால்வாயின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள்.

1970களின் கடைசியில் இடதுகரை நாட்டிலேயே மிக மோசமாகச் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டம் என்று சொல்லப்பட்டது. கதவுகள் உடைந்திருந்தன, வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. மேலே சொன்ன பத்து வயற்காரரின் கதைதான், ஆயிரக்கணக்கான ஏக்கரில்.

1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. இளம் பட்டதாரிகள் ஊருக்குள் போய்த் தங்கினார்கள். பெரிய சங்கம் அமைத்து, தலைவர் செயலாளர் தெரிந்து, பெயர்ப்பலகை மாட்டி ஆரம்பிக்கவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, "உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். அவர்கள் முதலில் சேர்ந்து வேலை செய்தார்கள், பிறகு தங்களுக்குள் ஒரு பிரதிநிதியை ஒருமனதாகத் தெரிந்தார்கள். கோயில் திருவிழாவைக் குடிகுடியாகப் பிரித்தது போலத்தான் இதுவும்: முகம் தெரிந்த சிறு கூட்டம்.

அவர்கள் செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. பல வருடமாகத் தூர்ந்த வாய்க்கால்களை வெட்டினார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், சில இடங்களில் கடைமடைக்கு முதல் முறை கொடுத்தார்கள். தங்களுக்குப் போதும் என்றானதும் கதவை அடைத்து மிச்சத்தைக் கீழே விட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் தண்ணீரின் பயன்பாட்டுத் திறன் இரட்டிப்பானது. அதாவது அதே தண்ணீரில் இரண்டு மடங்கு வேலை.

1997 சிறுபோகத்தில் இதற்குப் பரீட்சை வந்தது. சமுத்திரத்தில் இருக்கும் தண்ணீர் நெல்லுக்குப் போதாது என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. அது நாடு யுத்தத்துக்குள் இருந்த காலம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகளோ தங்கள் அமைப்புகள் மூலம் தண்ணீரைச் சிக்கனமாகப் பங்கிட்டு, ஏறத்தாழ 65,000 ஏக்கரில் வழமையைவிட நல்ல விளைச்சல் எடுத்தார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள்.

இன ஒற்றுமை மலர்ந்தது என்று கட்டுரையை இங்கே முடிக்க யாருக்கும் ஆசை வரும். எனக்கு அது பொய்யாகப் படும். அந்த மனிதர்களுக்கு ஒருவரையொருவர் எவ்வளவு பிடித்திருந்தது என்பது வேறு விடயம். பதினைந்து வருடம் முறை பிந்தாமல் தண்ணீர் பங்கிட்ட பழக்கம் அவர்களிடம் இருந்தது. இரவில் கண்முழிக்கத் தேவையில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

## வட்டவிதானைக்கு யார் கூலி கொடுப்பது?

ஒஸ்ட்ரம் கண்டவற்றில் பல எங்கள் வட்டைகளில் பழைய வழக்கங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் விவசாயிகள் கூடி, தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் நாள், எத்தனை மாத நெல் என்று தீர்மானிப்பார்கள். கடைசியாகச் சொன்னது ஏன் முக்கியம்? எல்லோரும் மூன்று மாத நெல் விதைக்க, ஒருவர் மட்டும் நான்கு மாத நெல் விதைத்தால், அவர் ஒருவருக்காக இன்னுமொரு மாதம் குளம் திறக்க வேண்டும். தீர்மானம் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. நான் கேட்டதை நீயும் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நம்பிக்கைச் சிக்கலுக்கு மருந்தின் பாதி அதுதான். இப்படிப்பட்ட பழைய வயல் வழமைகளை உயிர்ப்பித்து நடைமுறைப்படுத்துவதற்கென்றே ஆங்கிலேயர் 1856இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

மீதிப் பாதி வட்டவிதானை. அவருக்குக் கூலி, அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று வயற்காரர்கள் கொடுப்பது. கண்காணிப்பவர் கண்காணிக்கப்படுபவர்களுக்கே பதில் சொல்ல வேண்டியவர். வக்கடையைக் கட்டாதவருக்கு எடுத்த எடுப்பில் பொலிசும் இல்லை, வழக்கும் இல்லை. முதலில் ஒரு சொல். பிறகு கூட்டத்தில் பெயர். அதற்கும் மசியாவிட்டால்தான் கமநல சேவை நிலையம். சிறு தவறுக்குச் சிறு தண்டனை என்பதால் ஆளும் ஊருக்குள்ளேயே நிற்கிறார், விதியும் நிற்கிறது.

## எங்கே முறிகிறது

இவ்வளவும் சொன்னதால் ஊரார் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எல்லை தெரியாத பொதுவளத்தை எந்தக் கூட்டமும் காக்க முடியாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 புரட்டாதி முதல் சித்தாண்டியில் போராடியது நினைவிருக்கும். அவர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒழுங்காக மாடு மேய்த்தாலும், வெளியிலிருந்து வருபவர் தரையை உழுதால், அதை மறிக்க வேண்டியவர்கள் மறிக்காவிட்டால், உள்விதிகளால் பயனில்லை. ஹார்டின் சொன்ன அவலம் அங்கே மேய்ப்பர்களிடமிருந்து வரவில்லை.

இன்னொரு வகை முறிவு இதைவிடக் கடினமானது. அங்கே யாரும் விதியை மீறுவதில்லை. "பொது" என்பது யார் என்பதுதான் கேள்வி.

மார்கழி மழையில் வாவி நிரம்பும்போது படுவான்கரை வயல்கள் தண்ணீருக்குள் போகும். முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுங்கள் என்று வயற்காரர் கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மீனவர் கேட்பார்கள். நேரத்துக்கு முந்தி வெட்டினால் ஆற்று மீனும் இறாலும் வடிநீரோடு போய்விடும் என்பது அவர்கள் கவலை. இரண்டு பக்கமும் ஏழைகள், இரண்டு பக்கமும் சொல்வது நியாயம், இரண்டு பக்கமும் தங்கள் கோரிக்கைக்குப் பொதுநலம் என்றுதான் பெயர் வைக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதிகாரிகள் கூடி, அந்த வருடத்து மழையைப் பார்த்து, அந்த வருடத்துச் சத்தத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் இரண்டு பக்கமும் முந்திச் சத்தம் போட வேண்டியிருக்கிறது.

நாவற்குடாவில் ஒரு தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. வாவியில் தோணி விடும் ஒருவர் சொன்னார்: "தண்ணி எந்த அளவுக்கு ஏறினா வெட்டுறதெண்டு பாலத்துத் தூணுல ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு வந்தா வெட்டுங்க. மறுகா நாங்க ஒரு சொல்லும் சொல்லமாட்டம்."

பக்கத்தில் இருந்த வயற்காரர் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி மச்சான், அந்தக் கோட்ட எந்த உயரத்தில போடுற?"